ஆற்றோரம் ஒருநாள் நடக்க: கேம், தேம்ஸ், ஸ்டூர், இட்சின் – எது யாருக்கு?

ஜூன் பிறந்தால் போதும், எனக்கு ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வரும். "ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. லண்டன் சுத்திப் பார்த்தாச்சு. ஒருநாள் கிராமத்துப் பக்கமா ஆற்றோரம் நடந்துட்டு வரணும். மேடு ஏற முடியாது. எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போட்டுப் பார்த்தேன். யாருக்கு என்ன முடியும் என்று தெரியாமல் ஒரே ஊர்ப்பெயரை எல்லோருக்கும் சொல்வது சரியாக வரவில்லை.

என் அம்மாவுக்கு வலது முட்டி தேய்ந்திருக்கிறது. சமதரையில் மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பார். படி இறங்கும்போதுதான் வலி. அப்பாவுக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெறும் புல்லையும் தண்ணீரையும் பார்க்க ரயில் ஏறுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு பழைய கட்டடம், ஒரு கல்லறை, ஏதாவது ஒரு கதை வேண்டும். இவர்கள் இருவரையும் இரண்டு கோடைகளில் நான்கு ஆறுகளுக்குக் கூட்டிப் போனேன். கேம்பிரிட்ஜிலிருந்து கிராண்ட்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டின் போர்ட் மெடோ, சஃபோக்–எசெக்ஸ் எல்லையில் டெடம் பள்ளத்தாக்கு, வின்செஸ்டரின் நீர்ப்புல்வெளி. நான்குக்கும் லண்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கார் தேவையில்லை.

இடங்களுக்குப் போகும் முன் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வழிகாட்டிகளில் 'எளிது' என்று போட்டிருப்பார்கள். சமதரை என்பதால் அப்படிப் போடுகிறார்கள். ஆற்றங்கரையில் நிலம் சமமாக இருப்பதற்குக் காரணமே வெள்ளம்தான். ஆண்டாண்டாக ஆறு பரவி வண்டல் படிந்த நிலம் அது. களிமண் நிறைய, உள்ளே போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை கணுக்கால் ஆழம் சேறு இருந்தாலும் ஆச்சரியமில்லை. சேற்றில் வழுக்காமல் கால் ஊன்றுவது, மேடு ஏறுவதை விட முட்டிக்குக் கஷ்டம்.

அடுத்தது வேலி. வயலுக்கு வயல் மாடு போகாமல் தடுக்க இரண்டு விதமான வழி வைத்திருப்பார்கள். ஒன்று, வேலிக்குக் குறுக்கே ஏறி மறுபக்கம் இறங்கும் மரப்படி. இன்னொன்று, கிஸ்ஸிங் கேட் என்று சொல்கிற, ஒரு ஆள் மட்டும் வளைந்து நுழையக்கூடிய ஊசல் கதவு. முட்டி வலி உள்ளவருக்கு ஆறு மரப்படி உள்ள மூன்று கிலோமீட்டரை விட, கதவுகள் மட்டும் உள்ள ஆறு கிலோமீட்டர் மேல். நான் சொல்லும் நான்கு வழியிலும் ஏறி இறங்கும் வேலை குறைவு. அதனால்தான் இந்த நான்கும் தேறின.

கடைசியாகத் திரும்பும் வழி. "முடியலப்பா" என்று அம்மா சொல்லும் இடத்திலிருந்து ஒரு பஸ்ஸோ டாக்சியோ கிடைக்குமா? அழகான படங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

சரி, கிராண்ட்செஸ்டர். கிங்ஸ் கிராஸிலிருந்து வேக ரயிலில் கேம்பிரிட்ஜ் ஐம்பது நிமிடம். ஊருக்குள் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு நியூனம் வழியாகத் தென்மேற்கே போனால், கேம் ஆற்றை ஒட்டிப் புல்வெளி தொடங்கும். அங்கிருந்து கிராமத்துக்கு இரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு பாதைகள் உண்டு: ஆற்றை ஒட்டியே போகும் மண்பாதை, கொஞ்சம் மேலே தளம் போட்ட பாதை. முந்தின நாள் மழை பெய்திருந்தால் மேல்பாதை, இல்லையென்றால் கீழே. தள்ளுவண்டியில் குழந்தை இருந்தாலும் மேல்பாதையில் போகலாம். கோடையில் மாடுகள் மேயும், மாணவர்கள் படகு தள்ளிக்கொண்டு போவார்கள், அன்னங்கள் குஞ்சுகளோடு வரும்.

கிராமத்தில் ஆர்ச்சர்ட் என்ற பழத்தோட்டம் 1868-ல் நட்டது. 1897-ல் சில மாணவர்கள், வீட்டு முன்புறப் புல்தரையில் தராமல் மரத்தடியில் தேநீர் தர முடியுமா என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டார்கள். அந்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. கவிஞர் ரூபர்ட் புரூக் 1909-ல் இங்கே குடிவந்தார். அப்பாவுக்கு அவரைத் தெரியாது. ஊருக்குள் டிரினிட்டி கல்லூரியைத் தாண்டும்போது மட்டும் நின்றார். ராமானுஜன் 1914-ல் வந்து சேர்ந்த இடம். 1919-ல் உடம்பு நலிந்து கும்பகோணத்துப் பக்கம் திரும்பியவர். கல்லூரியின் பின்புறம் இதே கேம் ஆறுதான் ஓடுகிறது. அப்பா பாலத்தில் வெகு நேரம் நின்று தண்ணீரையே பார்த்தார். எனக்கு அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

கிராண்ட்செஸ்டரில் குறை என்றால் கூட்டம்தான். வெயிலடிக்கும் சனி, ஞாயிறுகளில் பாதை முழுக்க ஆட்கள், சைக்கிள்கள். அமைதி தேடிப் போகிறவர்கள் வார நாளில் காலையில் போய்விட வேண்டும். முதல் தடவை இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் கால் வைக்கிறவர்களுக்கு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வழி தவற வாய்ப்பில்லை, பாதியில் வேண்டாம் என்றாலும் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். தமிழர்கள் போய்விட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே திரும்பிவிடும் ஊர் இது.

பாடிங்டனிலிருந்து ரயில். ஸ்டேஷனை விட்டு இறங்கியதும் பெரும்பாலோர் கல்லூரிகளை நோக்கிப் போவார்கள். நீங்கள் வடக்கே வால்டன் தெருவுக்குப் போங்கள். அந்தத் தெருவை ஒட்டி, சின்னச் சந்துக்குள், செயின்ட் செபல்கர்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மரங்கள் அடர்ந்து, சத்தமில்லாமல் கிடக்கும். ஜி.யு. போப் இங்கேதான் அடங்கியிருக்கிறார். 1886-ல் திருக்குறளையும் 1900-ல், தன் எண்பதாவது வயதில், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து, 1908 பிப்ரவரியில் மறைந்தார். அவர் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று பொறித்திருப்பதாகப் பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். கல்லில் அந்த வாசகம் இல்லை. இருப்பது வேறு: அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவின் தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவர் வாழ்நாள் உழைப்பின் மேல் வைத்த அன்பால் இந்தக் கல்லை நிறுவினார்கள் என்கிறது. எனக்கு அந்தக் கதையை விட இந்த உண்மை பெரிதாகப் பட்டது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தவர்கள் பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். திருவாசகத்தை முடிக்கச் சொல்லி போப்பைத் தூண்டிய பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அம்மா வழியில் வாங்கி வந்த பூவை வைத்தார்.

அங்கிருந்து பத்து நிமிடத்தில் வால்டன் வெல் சாலை முடிந்து போர்ட் மெடோ விரியும். திடீரென்று கண்ணுக்கு எட்டியவரை புல். உழுத சுவடே இல்லாத நிலம். சுமார் நாலாயிரம் ஆண்டுகளாக இதில் ஏர் பட்டதில்லை என்கிறார்கள். நடுவில் வெண்கலக் காலத்துப் புதைமேடு ஒன்று இன்னும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு நகர மக்களுக்கு இங்கே கால்நடை மேய்க்கும் உரிமை உண்டு என்று 1086-ன் டூம்ஸ்டே என்ற அரசு நிலக்கணக்கிலேயே எழுதியிருக்கிறது. இன்றும் குதிரைகளும் மாடுகளும் கட்டில்லாமல் மேய்கின்றன.

புல்வெளியின் நுழைவாயிலில் அப்பா தயங்கினார். "யார் நிலம்? கேட்காம உள்ளே போகலாமா?" நல்ல கேள்வி. இது பொதுநிலம். தனியார் வயலாக இருந்தாலும், பொதுப்பாதை என்று பதிவான வழியில் யாரும் நடக்கலாம். 1949-ல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தன் பாதைகளை வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதால், திரும்ப நடக்கிற மாதிரி சரிசெய்து தர வேண்டும். கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. தேம்ஸ் பாதையில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும். தேசிய நடைபாதை என்று அர்த்தம்.

புல்வெளியைக் கடந்து மெட்லி பாலத்தில் ஏறி இறங்கினால் தேம்ஸின் மேற்குக் கரை. அங்கிருந்து வடக்கே பின்சியைத் தாண்டி காட்ஸ்டோ வரை கரையோரமே போகலாம். 1862 ஜூலை 4-ம் தேதி சார்லஸ் டாட்ஜ்சன் என்ற கணித ஆசிரியர், லிடெல் வீட்டுச் சிறுமிகள் மூவரைப் படகில் ஏற்றி இந்த வழியாகத்தான் காட்ஸ்டோவுக்குத் துடுப்புப் போட்டார். வழியில் அந்தப் பெண்களுக்குச் சொன்ன கதைதான், பிறகு லூயிஸ் கரோல் என்ற பெயரில் அவர் எழுதிய 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்'. காட்ஸ்டோவில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னிமாடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. உள்ளே மாடு படுத்திருக்கும். பாலம் தாண்டினால் உல்வர்கோட். ஆற்றோரத்தில் சாப்பிட இடமுண்டு, கொஞ்சம் நடந்தால் ஊருக்குத் திரும்பப் பஸ்ஸும் உண்டு.

ஸ்டேஷனிலிருந்து எல்லாம் சேர்த்து ஆறு கிலோமீட்டர் வரும். அம்மாவுக்கு இது எல்லை. பின்சியில் அரை மணி உட்கார்ந்து எழுந்துதான் மிச்சத்தை நடந்தார். நிழல் குறைவு, வழியில் பெஞ்சுகளும் குறைவு. மாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மா கிராமத்தில் மாட்டோடு வளர்ந்தவர். கன்று பக்கத்தில் நின்ற ஒரு பசுவைக் கண்டதும் "சுத்திப் போ, கன்னு போட்ட மாடு" என்று எங்களை விலக்கி நடத்தினார். இங்கே கொடுக்கிற அறிவுரையும் அதுவேதான்: தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், நாய் கூட இருந்தால் இன்னும் கவனம்.

இன்னொன்று. நான் முதன்முதலில் போர்ட் மெடோவுக்குத் தனியாகப் போனது ஒரு பிப்ரவரியில். வாயிலில் நின்று பார்த்தால் புல்வெளியே இல்லை, ஏரி. வாத்துகளும் அன்னங்களும் நீந்திக்கொண்டிருந்தன. பார்க்க மிக அழகு, ஆனால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. குளிர்காலத்தில் இது வழக்கம். அதனால் ஆக்ஸ்ஃபோர்டை மே முதல் செப்டம்பருக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெடம் பள்ளத்தாக்கு ஓவியம் பிடித்தவர்களுக்கு. லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து மானிங்ட்ரீ வரை ரயில். அங்கிருந்து ஸ்டூர் ஆற்றோரமாக ஃபிளாட்ஃபோர்ட் மூன்று கிலோமீட்டர் சுமார், ஃபிளாட்ஃபோர்டிலிருந்து டெடம் இன்னும் இரண்டரை. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776-ல் பக்கத்து ஊரான ஈஸ்ட் பெர்கோல்ட்டில் பிறந்தவர். ஃபிளாட்ஃபோர்ட் ஆலை அவர் அப்பாவுடையது. மாவு மூட்டைகள் இந்த ஆற்றில் படகில் போகும், கரையில் குதிரை இழுத்துக்கொண்டு நடக்கும். அந்தக் குதிரைப் பாதைதான் இன்று நமக்கு நடைபாதை. மாடு தாண்டாமல் இருக்க அங்கங்கே வைத்த தடுப்புகளைத் தாண்டிக் குதிக்க இந்தக் குதிரைகளைப் பழக்கியிருந்தார்கள். பாதை எதிர்க்கரைக்கு மாறும் இடத்தில் குதிரையையே படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். இரண்டையும் அவர் வரைந்திருக்கிறார்.

ஆலைக்கு எதிரே வில்லி லாட் என்ற விவசாயியின் வெள்ளை வீடு. எண்பது சொச்சம் ஆண்டு வாழ்ந்த அந்த மனிதர் மொத்தமே நான்கு இரவுகள்தான் இந்த வீட்டை விட்டு வெளியே தங்கினாராம். இந்த வீட்டை ஒட்டி ஆற்றுக்குள் நிற்கும் வைக்கோல் வண்டியைக் கான்ஸ்டபிள் 1821-ல் வரைந்தார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது, இலவசமாகவே பார்க்கலாம். இங்கிலாந்தில் அப்போது யாரும் அதை வாங்கவில்லை; 1824-ல் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது. முடிந்தால் முந்தின நாள் ஓவியத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் இங்கே வாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அம்மா ஆலைக்கரையில் நின்று, ஓவியத்தில் நாய் நின்ற இடம் எது, வண்டி நின்ற இடம் எது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். ஓவியம் என்றால் ஆர்வமே காட்டாதவர் அவர். மரங்கள் மாறிவிட்டன, வீடு அப்படியே இருக்கிறது.

ஃபிளாட்ஃபோர்டுக்கும் டெடத்துக்கும் இடைப்பட்ட புல்வெளிதான் இந்த நான்கு நடைகளிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கரையில் தலை வெட்டிய வில்லோ மரங்கள். கிளைகளை ஆளுயரத்துக்கு மேலே வெட்டிவிடுவார்கள், மாட்டுக்கு எட்டாமல் புதுத் தளிர் விடும். தூரத்தில் டெடம் சர்ச் கோபுரம் எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று கேட்க வேண்டியதில்லை. சிறுவன் கான்ஸ்டபிள் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்துதான் டெடம் பள்ளிக்கு நடந்து போனார்.

ஆனால் பெரியவர்களோடு போகிறவர்கள் தூரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மானிங்ட்ரீயிலிருந்து டெடம் போய் அதே வழியில் திரும்பினால் பதினொரு கிலோமீட்டர். அம்மாவால் முடியாது என்பதால் ஸ்டேஷனிலிருந்து ஃபிளாட்ஃபோர்டுக்கு டாக்சி பிடித்தோம், டெடத்திலிருந்து திரும்பவும் டாக்சி. நடந்தது நடுவிலுள்ள இரண்டரை கிலோமீட்டர் மட்டும், அதுதான் சாரம். கிராமத்தில் டாக்சி கை காட்டினால் நிற்காது. திரும்பும் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஃபிளாட்ஃபோர்டில், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் தேநீர்க் கடையும் கழிப்பறையும் இருக்கின்றன. ஜூலைக்கு அப்புறம் பாதை ஓரத்தில் நம் ஊர்க் காஞ்சொறி மாதிரி ஒரு செடி இடுப்புயரம் வளர்ந்து நிற்கும், பட்டால் எரியும். முழங்கால் மூடிய உடுப்பு நல்லது.

காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியிலுள்ள போர்டன்-ஆன்-த-வாட்டர், ஸ்லாட்டர் கிராமங்கள் பற்றியும் கேட்பார்கள். அழகான ஊர்கள்தான். ஆனால் ரயில் நிலையம் கிடையாது, கோடையில் சுற்றுலாப் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கார் இருப்பவர்கள் காலை ஒன்பதுக்கு முன் போய்ச் சேருவதானால் போகலாம்.

வின்செஸ்டரைக் கடைசியாகச் சொல்வதால் குறைவாக நினைத்துவிடாதீர்கள். வாட்டர்லூவிலிருந்து ஒரு மணி நேரம். பேராலயத்திலிருந்து தெற்கே காலேஜ் தெரு வழியாகப் போனால், நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1817-ல் இறந்த வீட்டைத் தாண்டி இட்சின் ஆற்றின் நீர்ப்புல்வெளிக்கு வந்துவிடுவோம். இட்சின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் ஆறு. மழைநீர் பாறைக்குள் இறங்கி, வடிகட்டி, மெதுவாக ஊற்றாக வெளியே வருவதால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கோடையிலும் குளிரிலும் அதன் சூடு பெரிதாக மாறாது. அடியில் பாசி அசைவதும் டிரவுட் மீன் எதிர்நீச்சலில் நிற்பதும் கரையிலிருந்தே தெரியும். உலகத்தில் இப்படிப்பட்ட ஆறுகளில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான் இருக்கிறது.

அந்தச் சீரான சூட்டை விவசாயிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். குளிர்காலத்தில் வாய்க்கால் வெட்டி, மதகு திறந்து, ஆற்றுநீரைப் புல்வெளி மேல் மெல்லிய படலமாக ஓடவிடுவார்கள். உறைபனி புல்லைத் தொடாது. மற்ற இடங்களை விட வாரக்கணக்கில் முன்னதாகப் புல் கிளம்பும், ஆடுகளுக்கு வசந்தத் தொடக்கத்திலேயே மேய்ச்சல் கிடைக்கும். மதகு பார்க்கத் தனியாக ஆட்கள் இருந்தார்கள், நம் ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி மாதிரி. வாய்க்கால் தடங்கள் இன்றும் புல்லில் மேடு பள்ளமாகத் தெரிகின்றன. அப்பா இந்த ஒரு விஷயத்தை மட்டும் என்னை மூன்று தடவை விளக்கச் சொன்னார்.

சுமார் ஒன்றரைக் கிலோமீட்டரில் செயின்ட் கிராஸ். 1130-களில் பிஷப் ஹென்றி என்பவர் பதின்மூன்று ஏழைகள் தங்கவும், தினம் நூறு பேர் சாப்பிடவும் கட்டிவைத்த சத்திரம். இன்றும் வயதானவர்கள் அங்கி அணிந்து உள்ளே வாழ்கிறார்கள். வழிப்போக்கர் வாயிற்காப்பாளரிடம் கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் சின்னக் கோப்பையில் பீரும் தரும் வழக்கம் தொடர்கிறது. கேட்டால்தான் தருவார்கள். அம்மா ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, "சத்திரம்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். வெளிநாட்டில் வேறெந்தக் கட்டடமும் அவருக்கு இவ்வளவு சட்டென்று புரிந்ததில்லை.

கவிஞர் கீட்ஸ் 1819-ல் இங்கே தங்கியபோது அநேகமாக நாள்தோறும் இந்தப் பக்கம்தான் நடந்தார். அறுவடை முடிந்த தாள் நிலங்கள் வசந்தத்தின் பச்சையை விட வெதுவெதுப்பாகத் தோன்றுவதாக நண்பருக்கு எழுதினார். அதே நாட்களில்தான் இலையுதிர்காலத்தைப் பற்றிய அவருடைய கவிதையும் பிறந்தது.

பாதை கெட்டியானது, தூரம் குறைவு, இரண்டு முனையிலும் ஊர் இருக்கிறது. மூன்று நாள் மழை பெய்து மற்ற மூன்றும் சேறாகக் கிடந்தாலும் பெரும்பாலும் இங்கே சமாளிக்கலாம். அறுபது தாண்டிய யாரையாவது கூட்டிப் போக, ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் என் பதில் வின்செஸ்டர். நன்றாக நடப்பவர், தமிழ் படித்தவர் என்றால் தயங்காமல் ஆக்ஸ்ஃபோர்டு, ஆனால் கோடையில். டாக்சிக்குக் கொஞ்சம் செலவு செய்ய முடியும், மே அல்லது ஜூன் மாதம், வானம் தெளிவு என்றால் டெடம். வெகு நாள் நினைவில் நிற்கும். குழந்தைகள் இருந்தால் கிராண்ட்செஸ்டர்.

டிக்கெட் விஷயம் ஒன்று: அறுபது வயதானவர் ஊரிலிருந்து வந்தவராக இருந்தாலும் பாஸ்போர்ட்டைக் காட்டி சீனியர் ரயில்கார்டு வாங்கலாம். மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். இரண்டு மூன்று பயணம் போனாலே கார்டுக் காசு திரும்பிவிடும்.

இந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் செப்டம்பரில் வருகிறார்கள். அம்மாவின் முட்டி போன வருஷத்தை விட மோசம். வின்செஸ்டருக்கு ஒரு புதன்கிழமை பார்த்து வைத்திருக்கிறேன், பத்து மணி ரயில். அறுவடை முடிந்திருக்கும்.